நோயுற்றவரின் விருப்பம்



‘அமெச்சூர்’ என்னும் சொல் நமக்குப் புதியதன்று. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர் பலர், பகலெல்லாம் அலுவலகத்தில் கணக்கெழுதிவிட்டு, மாலையில் சபா மேடையில் வேடம் புனைந்தார்கள். அத்தகைய குழுக்களை அமெச்சூர் நாடகக் குழுக்கள் என்றே அழைத்தோம். ஊதியம் கருதாது, விருப்பத்தால் ஒன்றைச் செய்பவர் என்பது அச்சொல்லின் பொருள். அதன் வேர்ச்சொல் லத்தீன் மொழியில் அன்பைக் குறிப்பதாகும். இன்று நாம் நினைவுகூரும் அமெரிக்கரின் வாழ்விலோ இது தலைகீழாக அமைந்தது. நடிப்பு அவருக்குத் தொழில். மோட்டார்ப் பந்தயமே விருப்பம். அவர்தாம் பால் நியூமன்.

1925-ஆம் ஆண்டு ஒகையோ மாநிலத்தில் பிறந்த நியூமன், நாற்பது வயதைக் கடந்த பின்னரே பந்தய வண்டியில் அமர்ந்தார். 1969-இல் வெளிவந்த ‘வின்னிங்’ என்னும் திரைப்படத்தில் பந்தய ஓட்டியாக நடிக்கும் பொருட்டு, அதற்கென உள்ள பள்ளியில் பயின்றார். படம் முடிந்தது, பற்று முடியவில்லை. 1972-இல், தம் 47-ஆம் வயதில், கனெக்டிகட் மாநிலத்துத் தாம்ப்சன் பந்தயத் தடத்தில் போட்டியிட்டார். உலகறிந்த தம் பெயரை விளம்பரமாக்காமல், ‘பி. எல். நியூமன்’ என்றே போட்டிகளில் பதிந்துகொண்டார்.

வளைவை நெருங்கும்போது எவ்விடத்தில் பிரேக்கை மிதிப்பது, எவ்விடத்தில் காலை எடுப்பது என்பதை மீண்டும் மீண்டும் ஓட்டித்தான் கற்க வேண்டும். புகழுக்கு அங்கே சலுகை கிடையாது. கடிகாரம் காட்டுவதே தீர்ப்பு. அவ்வாறு கற்றே, அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப் நடத்தும் அமெச்சூர்ப் போட்டிகளில் நான்கு முறை தேசிய வெற்றியாளரானார். அவற்றுள் முதலாவது 1976-இல் கிட்டியது.

1979-இல் பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடைபெறும் 24 மணி நேரப் பந்தயத்தில், மூவர் மாறிமாறி ஓட்டிய போர்ஷே வண்டியில் அவரும் ஒருவராக இருந்தார். வண்டி நிறுத்தத்தில் சக்கரத்து மரையொன்று கழலாமல் இறுகிக்கொண்டதால் நெடுநேரம் வீணாயிற்று. ஆயினும் அவர்கள் இரண்டாம் இடம் பெற்றார்கள். அப்போது அவருக்கு வயது 54. 1995-இல், எழுபதாம் வயதில், டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் வென்ற குழுவிலும் அவர் இருந்தார்.

இது செல்வர்களின் விளையாட்டன்றோ, இதனால் பிறர்க்கு என்ன பயன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 1982-இல் நியூமன் தம் நண்பர் ஒருவருடன் உணவுப்பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். காய்கறிக் கலவைக்கு ஊற்றும் சுவைநீரே அதன் முதற்பண்டம். வரி போக எஞ்சும் இலாபம் முழுவதையும் அறப்பணிக்கே வழங்கினார். 1988-இல் கனெக்டிகட் மாநிலத்து ஆஷ்போர்டில், புற்றுநோய் முதலிய கடும் பிணியுற்ற சிறுவர்களுக்காகக் கோடைகால முகாம் ஒன்றை நிறுவினார்.

அம்முகாமின் தேவையை உணர, சிகிச்சையின் இயல்பைச் சற்று அறிதல் வேண்டும். புற்றுநோய் மருந்துகள் பல, வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தாக்குகின்றன. முடியின் வேரும் எலும்பு மச்சையும் அத்தாக்குதலுக்குத் தப்புவதில்லை. ஆகவே முடி உதிர்கிறது. பிற நோய்களைத் தடுக்கும் ஆற்றல் குறைகிறது. குழந்தை பள்ளியையும் தோழரையும் விட்டு விலக நேர்கிறது. பிணியின் துன்பத்தோடு தனிமையின் துன்பமும் சேர்கிறது. ஆஷ்போர்டு முகாமிலோ மருத்துவரும் செவிலியரும் அருகிலேயே இருக்க, அக்குழந்தைகள் குதிரையேறுகிறார்கள், படகு விடுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள். முடியுதிர்ந்த தலையை அங்கே எவரும் உற்று நோக்குவதில்லை. பெற்றோரிடம் கட்டணமும் பெறுவதில்லை.

முகாம் தொடங்கி இருபதாண்டுகள் சென்றபின், அதே நோய் நிறுவியவரையும் பற்றியது. நுரையீரற் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த நியூமன், 2008 ஆகஸ்டு மாதத்தில் தம் இல்லம் இருந்த மாநிலத்திலேயே உள்ள லைம் ராக் பந்தயத் தடத்திற்குச் சென்று, தம் வண்டியைச் சில சுற்றுகள் ஓட்டினார். போட்டியில்லை, பரிசுமில்லை. செப்டம்பர் 26-ஆம் நாள், 83-ஆம் வயதில், வெஸ்ட்போர்ட்டில் தம் இல்லத்தில் காலமானார்.

அச்சுற்றுகள் நோயைத் தீர்க்கவில்லை; தீர்க்கும் என்று அவர் எண்ணியுமிரார். நோயாளி என்ற ஒரே பெயருக்குள் தம் வாழ்வு முழுவதையும் அடக்கிவிட அவர் இசையவில்லை என்பதே அவற்றின் பொருள் எனக் கொள்ளலாம்.

நம்மிடையேயும் இந்நோயோடு வாழ்வோர் உளர். 1941-இல் தொடங்கப்பெற்ற மும்பை டாடா நினைவு மருத்துவமனையை நாடி, தொலைதூர ஊர்களிலிருந்து வந்து தங்கும் குடும்பங்களை அந்நகர்வாழ் தமிழர் நன்கு அறிவர். உறவினர் அருகில் இல்லாத ஊரில் பிணியுறுவது எத்தகையது என்பதைப் பிறமாநிலத்தில் வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. அத்தகையோரைக் காணச் செல்லும்போது, பரிசோதனையின் முடிவு என்னவென்றுதான் முதலில் வினவுகிறோம். பரிவினால் கேட்கிறோம் என்பது உண்மையே. எனினும், நாள்தோறும் அதே வினாவுக்கு விடை சொல்பவர் சோர்ந்துபோகிறார். மருத்துவர் தடை சொல்லாதவரையில், பாட்டில் பற்றுள்ளவரோடு பாட்டைப் பற்றிப் பேசலாம். சதுரங்கம் ஆடுபவர் முன் பலகையை விரிக்கலாம். மேடையேறி நடித்தவரிடம், அடுத்த நாடகத்தில் அவருக்கேற்ற வேடம் எதுவென்று கேட்கலாம். இதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. ஒரு மாலைப்பொழுது போதும்.