மார்க்கு தலையெழுத்தா?

(திருவொற்றியூர்ப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், நம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கும் சரித்திர மார்க்கு எப்படி உண்டாகிறது, அது கல்லூரி வாசலுக்குப் போய்ச் சேருவதற்குள் என்னென்ன ஆகிறது என்பதாகும். "கல்லூரிப் படியே மிதிக்காத இவனுக்கு இந்தக் கணக்கு எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். உண்மைதான், நான் பட்டம் பெற்றவனல்ல. ஆனால் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளை எடைபோடும் வேபிரிட்ஜில் பல வருஷம் சீட்டு எழுதினவன். எடை என்றால் என்ன, அதில் புரட்டு எந்தச் சந்தில் நுழையும் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். மார்க்கும் ஓர் எடைதானே!

சென்ற ஆண்டு மே மாதத்தில், எர்ணாவூரில் குடியிருக்கும் மூட்டை தூக்கும் தோழர் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய மகள் சர்க்கார் பள்ளியில் படித்தவள். வகுப்புப் பரீட்சைகளில் சரித்திரத்தில் 90க்குக் குறையாமல் வாங்கியவளுக்குப் பொதுத்தேர்வில் 74 வந்திருந்தது. பி.ஏ. சரித்திரம் படிக்க ஆசைப்பட்ட பெண், இரண்டு நாளாய்ச் சாப்பிடாமல் கிடந்தாள். தகப்பனார் என்னிடம், "அண்ணே, ஹால் டிக்கெட்டைச் சாமி பாதத்தில் வைத்தோம், பேனாவுக்குப் பூசை போட்டோம், ஜோசியரையும் பார்த்தோம். என்ன செய்வது? அவள் தலையில் அவ்வளவுதான் எழுதியிருக்கிறது" என்றார். நான், "தலையில் எழுதியவனை நான் பார்த்ததில்லை, ஆனால் மார்க்கு எழுதியவர்கள் மனிதர்கள். அவர்கள் எப்படி எழுதினார்கள் என்று கேட்டீர்களா?" என்றேன். அவர் கேட்கவில்லை. தோழர்களே, நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

சரி, இப்பொழுதாவது கேட்போம். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் சரித்திரத்துக்கு எழுத்துப் பரீட்சை 90, பள்ளிக்கூடத்திலேயே போடும் அகமதிப்பீடு 10. சி.பி.எஸ்.இ. பிள்ளைக்கு எழுத்துக்கு 80, செயல்திட்டத்துக்கு 20. இரண்டுக்கும் பெயர் சரித்திரம், இரண்டும் 100க்குத்தான். ஆனால் இரண்டு நூறும் ஒரே நூறு ஆகுமா? இனி நம் பாடத்திட்டத்துக்குள்ளேயே பாருங்கள். பௌதிகம், ரசாயனம் போன்ற செய்முறையுள்ள பாடங்களுக்கு எழுத்து 70தான். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அதாவது, எழுத்துப் பரீட்சைக்கு வெளியே அந்தப் பிள்ளைக்கு 30 மார்க்குக்கு இடமிருக்கிறது. சரித்திரப் பிள்ளைக்கு 10க்குத்தான் இடம். சர்க்கார் கலைக் கல்லூரிகளிலோ, தமிழ், ஆங்கில இலக்கியப் படிப்புகள் நீங்கலாக மற்றவற்றுக்கு, மொழிப்பாடம் போக உள்ள நான்கு பாட மார்க்கையும் கூட்டி, 400க்கு இவ்வளவு என்று வரிசை கட்டுகிறார்கள். கருவாட்டு மூட்டையையும் கடப்பைக் கல்லையும் ஒரே சீட்டில் கூட்டுவது போலத்தான் இது. கூட்டலில் பிழையில்லை; ஆனால் கூட்டியது எதை எதை என்று எவரும் கேட்பதில்லை!

இன்னொரு வேடிக்கை சொல்லுகிறேன். 2021இல் கொரோனாவினால் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வே நடக்கவில்லை. மார்க்கு மட்டும் வந்தது! எப்படி? பத்தாம் வகுப்பில் அதிகமாக வாங்கிய மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 பங்கு, பதினொன்றாம் வகுப்பு எழுத்துத் தேர்விலிருந்து 20 பங்கு, பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறை அல்லது அகமதிப்பீட்டிலிருந்து 30 பங்கு என்று சர்க்கார் ஒரு கணக்குப் போட்டது. அந்த வருஷத்துப் பிள்ளையின் சரித்திர மார்க்கில் பாதி, பத்தாவதில் வாங்கிய கணக்கு மார்க்காகவும் விஞ்ஞான மார்க்காகவும் இருக்கலாம். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஊரெல்லாம் பிணம் விழுந்த காலத்தில் பிள்ளைகளை ஒரே அறையில் அடைப்பதைவிட அது மேல். நான் சொல்லுவதெல்லாம், மார்க்கு என்பது வானத்திலிருந்து விழுவதல்ல, மனிதன் உட்கார்ந்து செய்வது என்பதுதான்.

வெவ்வேறு போர்டுகளின் மார்க்கைச் சமமாக்குவதும் அப்படியே. நம் நாட்டில் 1984 முதல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் அதை எடுக்கச் செய்த முயற்சிகள் கோர்ட்டில் நிற்கவில்லை. பிறகு டாக்டர் அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, புதிதாகச் சட்டம் செய்து, 2007இல் ஜனாதிபதியின் ஒப்புதலும் பெற்று எடுத்தார்கள். அதில் கண்ட முறை இது: ஒரு பாடத்தில் மாநிலப் போர்டின் முதல் மார்க்கு 100, வேறொரு போர்டின் முதல் மார்க்கு 90 என்றால், அந்த 90ஐயும் 100ஆக எண்ண வேண்டும். அந்தப் போர்டில் 60 வாங்கிய பிள்ளைக்கு 66.66 ஆகும். மருத்துவத்துக்கு 2017 முதல் நீட் வந்து இதைத் தள்ளிவிட்டது. இஞ்சினீயரிங்குக்கு இன்றும் பிளஸ் டூ மார்க்குதான்.

இந்த முறை எளிது. கூலிக்காரனும் விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம். அது பெரிய நன்மை. ஆனால் குறையும் உண்டு. உச்சியில் நிற்கும் ஒரே ஒரு பிள்ளையின் மார்க்கைக் கொண்டு அடியில் நிற்கும் லட்சம் பேரின் மார்க்கும் மாறுகிறது. அந்த ஒருவன் 100 வாங்கிவிட்டால், மற்றவர்களுக்கு வினாத்தாள் எவ்வளவு கடினமாயிருந்தாலும் ஒரு புள்ளிகூட ஏறாது.

பக்கத்துக் கேரளத்தில் 2025 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். அங்கே சராசரியையும், மார்க்குகள் அதிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்பதையும் கொண்டு சமப்படுத்திவந்தார்கள். அதனால் மாநிலப் போர்டுப் பிள்ளைகள் நஷ்டப்படுகிறார்கள் என்று சொல்லி, நம்முடையதைப் போன்ற முறைக்கு மாற்றி இஞ்சினீயரிங் தரவரிசை வெளியிட்டார்கள். விளம்பரம் செய்த விதியை நடுவில் மாற்றியது தவறென்று ஐகோர்ட்டு அந்த வரிசையை ரத்து செய்தது. பழைய முறைப்படி மறு வரிசை போட்டார்கள். முதல் இடமே வேறு பிள்ளைக்குப் போயிற்று! விடைத்தாள் அதே, பிள்ளைகளும் அவர்களே. கணக்கு மாறியவுடன் "முதல் புத்திசாலி" மாறிவிட்டான் என்றால், தகுதி, திறமை என்று முழங்குகிறார்களே, அது இருப்பது பிள்ளையின் மூளையிலா, குமாஸ்தாவின் காகிதத்திலா?

இதே கணக்கு கத்தியாகவும் ஆகும் என்பதற்கு இலங்கையே சாட்சி. 1971இல் அங்கே தரப்படுத்தல் என்று கொண்டுவந்தார்கள். மருத்துவப் படிப்புக்கு 400க்குத் தமிழில் எழுதிய பிள்ளை 250 வாங்க வேண்டும். சிங்களத்தில் எழுதியவருக்கு 229 போதும். மொழியைப் பார்த்து எடைக்கல்லை மாற்றினார்கள். தமிழ் இளைஞர்கள் மனத்தில் அது மூட்டிய தீ எவ்வளவு தூரம் பரவியது என்பதை நீங்கள் அறிவீர்கள். பிற்பாடு மாவட்டவாரி ஒதுக்கீடு வந்தது. பின்தங்கிய மாவட்டங்களின் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அதனால் வழி திறந்தது. ஆகவே மார்க்கைச் சரிக்கட்டுவதே அநியாயம் என்றும் சொல்ல முடியாது. எல்லாம் நியாயம் என்றும் சொல்ல முடியாது. எதைப் பார்த்துச் சரிக்கட்டுகிறாய் என்பதே கேள்வி.

வேபிரிட்ஜில் நாங்கள் செய்வது என்ன? சரக்கோடு லாரியை நிறுத்துவோம், காலி வண்டியின் எடையைக் கழிப்போம், மிச்சந்தான் சரக்கு. காலி வண்டியைக் கழிக்காமல் சீட்டுக் கொடுத்தால் வியாபாரி சும்மா விடுவானா? பிள்ளைகள் விஷயத்தில் மாத்திரம் ஏன் சும்மா இருக்கிறோம்? ஒரு பிள்ளைக்குத் தனி அறை, தனி வாத்தியார், டியூஷன். இன்னொரு பிள்ளை, கன்டெயினர் லாரி இரைச்சலில், ஒற்றை அறை வீட்டில், தம்பியை மடியில் வைத்துக்கொண்டு படிக்கிறாள். அவளுடைய 74ம் அவனுடைய 90ம் வண்டியோடு சேர்ந்த எடைகள்!

2020இல் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகிதம் ஒதுக்கிச் சட்டம் செய்தார்கள். 2021இல் இஞ்சினீயரிங் முதலியவற்றுக்கும் செய்தார்கள். உடனே சிலர், "தகுதி கெட்டது" என்றார்கள். நான் அவர்களைக் கேட்கிறேன்: வேறு போர்டுப் பிள்ளையின் 60ஐ 66.66 ஆக்கினால் அதற்குப் பெயர் கணிதம். ஏழைப் பிள்ளைக்கு ஓர் இடம் ஒதுக்கினால் அதற்குப் பெயர் சலுகையா? இரண்டும், ஓடிய பாதை வேறு என்பதற்காகச் செய்யும் கழிவுதானே?

ஆகவே தோழர்களே, எந்தக் கணக்கைக் காட்டினாலும் மூன்று கேள்வி கேளுங்கள். பரீட்சைக்கு முன்னால் இதைச் சொன்னாயா? இதனால் யாருக்கு ஏறுகிறது, யாருக்கு இறங்குகிறது? காலி வண்டியைக் கழித்தாயா? பதில் சொல்ல முடியாத கணக்கு, கணக்கல்ல, பித்தலாட்டம்.

எர்ணாவூர்ப் பெண்ணின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பம் போட வழி உண்டென்று சொன்னேன். ஜோசியருக்குக் கொடுப்பதாயிருந்த பணத்தை அதற்குக் கட்டினார்கள். நகல் வந்தது. மார்க்கு ஒன்றும் கூடவில்லை. ஆனால் வருஷத்தையும் பெயரையும் எழுதிவிட்டுக் காரணத்தை எழுதாமல் விட்ட இடங்களில் மார்க்கு குறைந்திருப்பதை அவளே கண்டுபிடித்தாள். தலையெழுத்து என்று அழுத தகப்பனார், அந்தக் காகிதத்தில் விரலை வைத்து, "இங்கே மூன்று, இங்கே இரண்டு" என்று எனக்குக் காட்டினார். இரண்டாம் சுற்றுக் கலந்தாய்வில் அவளுக்குச் சர்க்கார் கல்லூரி ஒன்றில் சரித்திரமே கிடைத்தது. இப்பொழுது காரணம் எழுதப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய், உங்கள் பிள்ளையின் மார்க்குத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். தப்பு என்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள், திருத்திக்கொள்ளுகிறேன்.