உப்பின் விலையும் உழைப்பின் மதிப்பும்

(காஞ்சிபுரம் நெசவாளர் கூட்டத்தில் பேசியது)

2016 நவம்பரில் டில்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் உப்புப் பஞ்சம் என்று வதந்தி கிளம்பியது. கிலோ 20 ரூபாய் உப்புக்கு 200, 400 என்று கேட்டார்கள். காசுள்ளவன் பத்து கிலோ தூக்கிப் போனான். அன்றாடக் கூலிக்காரன் வெறுங்கையோடு திரும்பினான்.

பஞ்சம் உண்டா? ஆண்டு உற்பத்தி 2 கோடி டன்னுக்கு மேல். உணவுக்குத் தேவை சுமார் 60 லட்சம் டன்தான்!

தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் வாரியவனுக்கு அன்று ஒரு காசு கூடியதா? உப்பில் உழைப்பு கூடவில்லை, பயம்தான் கூடியது. அந்தப் பயம் பதுக்கியவன் பெட்டியில் பணமாயிற்று.

இது உங்களுக்குத் தெரியாததா? சேலை விலை ஏறினால், தறிக்குழியில் கால் வைத்தவன் கூலி தானாக ஏறுகிறதா?

ஆகவே, வதந்தி வந்தால் கடைக்கு ஓடாதீர்கள். கூடி நின்று கேளுங்கள்: சரக்கு எங்கே?