கடலுக்குப் பக்கச்சுவரைக் காட்டும் ஊர்



ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் குரோவி என்றொரு சின்ன மீனவ ஊர். செங்குத்தான மலைச்சரிவின் அடியில் ஒரே ஒரு வரிசை வீடுகள். பெரும்பாலான வீடுகள் பக்கச்சுவரைத்தான் கடலுக்குக் காட்டி நிற்கின்றன. புயலின் அடியைச் சுவர் வாங்கிக்கொள்ளும், வாசல் தப்பிக்கும். முன்னால் குறுகிய நடைபாதைதான், கார் நுழையாது. சாமான்களைத் தள்ளுவண்டியில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆடு வளர்ப்பதற்காக நிலக்கிழார்கள் குடியானவர்களை நிலத்தைவிட்டு வெளியேற்றினார்கள். அப்படி வந்தவர்கள் குடியேறிய ஊர் இது. ஏர் பிடித்த கைகள் இங்கே வலை பிடிக்கப் பழகின.

அந்தக் கரையோரப் பெண்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. கணவன் ஈரக்காலோடு நாளெல்லாம் குளிரில் வாடக்கூடாதே என்று, அவரை முதுகில் சுமந்து, தண்ணீருக்குள் நடந்துபோய்ப் படகில் ஏற்றிவிடுவார்களாம். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உறையவைக்கும் அந்த வடகடல் நீரில்! பிறகு தூண்டில் முட்களில் சிப்பிச்சதை கோப்பது, மீனைக் கூடையில் சுமந்துபோய் விற்பது எல்லாம் அவர்கள் பாடுதான்.

1953 ஜனவரி 31ஆம் தேதி பெரும்புயல் வந்தது. பாதையை அலை அரித்தது, சில வீடுகள் இடிந்தன. பல குடும்பங்கள் ஊரைவிட்டே போய்விட்டன. இன்று அங்குள்ள வீடுகளில் பெரும்பாலானவை விடுமுறைக்கு வருகிறவர்களின் தங்குமிடங்கள்.