குறை காட்டும் நண்பர்கள்



ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பீர் என்னும் பானத்தைப் பற்றி மாணவரிடம் பேச முன்வந்தால் பெற்றோர் முகம் சுளிப்பது இயல்பே. ஆதலின் முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் மது அருந்தாதவன். உங்களை அருந்தச் சொல்லவும் வரவில்லை. தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது சட்டப்படி குற்றம். குடி குடும்பங்களுக்குச் செய்யும் கேட்டை, வகுப்பறையில் வாடியிருந்த பிள்ளைகளின் முகங்களில் முப்பத்தைந்து ஆண்டுகள் கண்டவன் நான். ஆயினும், வேறு சட்டமும் வேறு வழக்கமும் உடைய நாடுகளில், ஊதியம் கருதாமல், ஆர்வம் ஒன்றினாலேயே தம் வீட்டு அடுக்களையில் பீர் தயாரிக்கும் கூட்டத்தார் இருக்கின்றனர். அவர்கள் கற்கும் முறையில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பீர் எவ்வாறு உண்டாகிறது? பார்லி தானியத்தை நீரில் ஊறவைத்து, முளைவிடச் செய்து, பின்னர்ச் சூட்டில் உலர்த்தி எடுப்பது மால்ட் எனப்படும். இதை நொறுக்கி, ஏறத்தாழ 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் ஒரு மணி நேரம் வைத்திருந்தால், முளைத்த தானியத்திலுள்ள என்ஸைம்கள் மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. அந்த இனிப்புச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் என்னும் கொடியின் கசப்பான பூக்களைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, விரைவில் ஆற்றி, ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் என்பது ஒற்றை உயிரணுவால் ஆன பூஞ்சை. அது சர்க்கரையை உண்டு, ஆல்கஹாலையும் கரியமிலவாயுவையும் வெளியிடுகிறது.

நம் வீட்டில் இரவு கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்கிறதே, அதுவும் நுண்ணுயிர்களின் வேலையே. ஆனால் அங்கே பெரும்பணி செய்பவை லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள். அதே வகைப் பாக்டீரியா சாதாரணப் பீரில் புகுந்துவிட்டால் பானம் புளித்துக் கெடுகிறது. ஒரு வீட்டில் விருந்தாளி. மற்றொரு வீட்டில் திருடன்! ஆகவேதான் வீட்டில் பீர் தயாரிப்பவரின் பொழுதில் பெரும்பகுதி பாத்திரம் கழுவுவதிலேயே கழிகிறது.

அடுத்தது அளத்தல். கையில் வெப்பமானி இருக்கும்; திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரும் இருக்கும். நீரின் அடர்த்தியை 1.000 என்று கொண்டால், சர்க்கரை கரைந்த சாறு 1.050 என்று காட்டலாம். ஈஸ்ட் தன் வேலையை முடித்த பின் அது 1.010 என்று இறங்கலாம். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு, அந்தப் பானத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடு ஆல்கஹால் இருப்பதைக் கணக்கிட்டுவிடுகிறார்கள். எந்நாளில் எவ்வளவு மால்ட் சேர்த்தோம், வெப்பம் எத்தனை டிகிரி, எத்தனை நாள் நொதித்தது என்பவற்றையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார்கள். எழுதாவிட்டால், நன்றாக அமைந்ததை மறுமுறை செய்ய இயலாது. கெட்டுப்போனதற்குக் காரணமும் தெரியாது.

இவ்வளவு நுணுக்கமும் இவர்கள் கைக்கு எங்ஙனம் வந்தது? பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1876ஆம் ஆண்டில் பீரைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டு, அது கெடுவதற்கு வேண்டாத நுண்ணுயிர்களே காரணம் என்று விளக்கினார். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எமில் கிறிஸ்டியன் ஹான்சன், 1883ஆம் ஆண்டில் ஒரே ஓர் உயிரணுவிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்க்கும் முறையைக் கண்டார். அம்முறையை அந்த ஆலை பூட்டி வைக்கவில்லை. போட்டியாளர்களும் பயன்பெறுமாறு வெளிப்படுத்தியது. அறிவைப் பகிரும் இந்த மரபு பின்னாளில் அடுக்களை வரை வந்து சேர்ந்தது.

சட்டம் மட்டும் மெல்லவே வழிவிட்டது. இங்கிலாந்தில் வீட்டில் பீர் தயாரிப்பவர் உரிமம் பெற வேண்டும் என்ற விதி 1963ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்தது. அது நீங்கிய பின்னரும் வீட்டில் பீர் தயாரிப்பதற்கு மத்திய சட்டம் இடந்தரவில்லை. 1978ஆம் ஆண்டு அக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டமே அதற்கு வழி திறந்தது. வயது வந்தோர் ஒருவர் ஆண்டுக்கு 100 காலன், இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள வீட்டில் 200 காலன், விற்கக் கூடாது. இதுவே அதன் வரம்பு. மாநிலங்களுக்குத் தனித்தனிச் சட்டம் இருந்ததால், அலபாமாவும் மிசிசிப்பியும் 2013ஆம் ஆண்டில்தான் இசைந்தன.

அந்த 1978ஆம் ஆண்டிலேயே கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் அமெரிக்க வீட்டுப் பீர் தயாரிப்பாளர் சங்கம் தோன்றியது. அதை நிறுவியவர்களில் முதன்மையானவர் சார்லி பப்பாசியன். அணுப் பொறியியல் பயின்ற அவர், அந்நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பீர் தயாரிப்பதையும் மாலை வகுப்பாக நடத்திவந்தார். எங்கே போனாலும் ஆசிரியனுக்கு வகுப்பு நடத்தாமல் இருக்க முடியாது போலும்!

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். இவர்கள் தாம் தயாரித்ததைப் போட்டிக்கு அனுப்புகிறார்கள். புட்டியில் பெயர் இராது. எண் மட்டுமே இருக்கும், நம் தேர்வுத் தாள்களைப் போல. நடுவராக வருவோர் அதற்கென்று ஏற்பட்ட தேர்வை எழுதியவர்கள். அதற்கான அமைப்பு 1985ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. மொத்த மதிப்பெண் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, பொது மதிப்பீட்டுக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3 என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

என்னிடம் பயின்று இப்போது அந்நாட்டில் வாழும் ஒருவர், தம் பானத்துக்குக் கிடைத்த மதிப்பெண் தாளின் படியை எனக்கு அனுப்பியிருந்தார். 50க்கு 28. ஆனால் அந்த எண் அத்தாளின் ஒரு மூலையில்தான் இருந்தது; மற்ற இடமெல்லாம் எழுத்து. “வெண்ணெய் வாசனை தெரிகிறது. ஈஸ்ட்டை இன்னும் இரண்டு மூன்று நாள், சற்றுக் கூடுதலான வெப்பத்தில் விட்டு வைத்துப் பாருங்கள்” என்பது அதன் கருத்து. கீழே நடுவரின் பெயரும் இருந்தது. ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்திய நான், அந்த ஒரு தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் சிவப்பு மையால் எண்ணை எழுதிவிட்டு நகர்கிறோம். பிள்ளை எங்கே இடறினான், அடுத்த முறை எப்படிக் கால் வைக்க வேண்டும் என்று எழுத நமக்கு நேரம் இருப்பதில்லை.

குறை ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் பெயர் உண்டு. பெயருக்குப் பின்னே காரணமும் உண்டு. வெண்ணெய் வாசனை டையசெட்டில் என்னும் பொருளால் வருவது. ஈஸ்ட்டே அதை உண்டாக்கும். காலம் கொடுத்தால் ஈஸ்ட்டே அதைத் திரும்ப உட்கொள்ளும். ஆகவே அது பெரும்பாலும் அவசரத்தின் வாசனை! நனைந்த அட்டையின் மணம் வந்தால், உள்ளே பிராணவாயு புகுந்திருக்கிறது. ஸ்கங்க் என்னும் விலங்கின் நாற்றம் வந்தால், வெளிச்சம் ஹாப்ஸின் சத்தைச் சிதைத்திருக்கிறது. பீர்ப் புட்டிகள் பழுப்பு நிறமாக இருப்பது இதனாலேயே. இங்கே குறை என்பது வசைச்சொல் அன்று. அது ஒரு தடயம். அதைப் பின்தொடர்ந்தால் காரணம் அகப்படும். காரணம் அகப்பட்டால் திருத்தம் எளிது.

இதற்கு நேர்மாறானதும் நம் கண்முன் நடந்தது. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அதை விற்றவர்கள் உள்ளே இருப்பது என்னவென்று அளந்து எழுதி வைக்கவில்லை. பிறர் சோதிக்க முன்வைக்கவும் இல்லை. இலாபம் ஒன்றே குறி, இருளே காவல். குறை சொல்ல ஆளில்லாத இடத்தில் குறை வளர்ந்து நஞ்சாகிறது.

அமெச்சூர் என்னும் சொல்லைத் தேர்ச்சி இல்லாதவர் என்ற பொருளில் நாம் வழங்குகிறோம். அது அன்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ஒன்றை விரும்பி அதற்காகவே செய்பவர் என்பது அதன் பொருள். விரும்பிச் செய்பவனுக்குக் குறையைக் கேட்க அச்சம் இராது. தன்னைவிடத் தன் கலை அவனுக்குப் பெரிதன்றோ?

கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே, இடித்துரைக்கும் பெரியோரைத் துணையாகக் கொள்ளும் சிறப்புக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். அந்நாட்டாரின் பானம் நமக்கு வேண்டா. அவர்களின் பழக்கம் வேண்டும். உங்களுக்குப் பிடித்தது கணிதமாகலாம், ஓவியமாகலாம், தோட்டமாகலாம். செய்வதை அளந்து செய்யுங்கள். அன்றன்றே எழுதி வையுங்கள். செய்ததை அறிந்தவர் ஒருவரிடம் கொண்டுபோய், “இதில் குறை எங்கே?” என்று கேளுங்கள். மற்றவர் உங்களிடம் அவ்வாறு கொண்டுவந்தால், எண்ணோடு நின்றுவிடாமல் காரணத்தையும் சொல்லுங்கள். அப்படிச் சொல்லக்கூடிய நண்பர் ஒருவர் வாய்த்துவிட்டால், நீங்கள் கற்பது பள்ளியோடு முடிந்துவிடாது.