டிரங்குப் பெட்டியும் புரோநோட்டும்

(தலைப்பு: நடுத்தரக் குடும்பம் நிமிர்வது கூடுதல் வருமானத்தாலா? கணக்கறிந்த சேமிப்பாலா? ‘கணக்கறிந்த சேமிப்பாலே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் தட்டோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

எதிரணி நண்பர் சொன்னார்: “சம்பளம் ஏறட்டும், எல்லாம் சரியாயிடும்.” ஐயா, ஓட்டைப் பானையில் ஒரு குடம் ஊத்தினாலும் ஒழுகும், ஒன்பது குடம் ஊத்தினாலும் ஒழுகும். முதல்ல ஓட்டையை அடைங்க! (கைதட்டல்)

எங்க வீட்டுக் கதையையே சொல்றேன். 1990-ல் எங்கம்மா சீட்டுப் போட்டு எடுத்த 10,000 ரூபாயை டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் வச்சாங்க. எதுக்கு? தங்கச்சி மேல்படிப்புக்கு. யார்கிட்டேயும் சொல்லலை. சொன்னா அப்பா செலவழிச்சிடுவாராம்! (சிரிப்பு)

அதே வருஷம் எங்கப்பா 5,000 ரூபாய் கடன் வாங்கினார். புரோநோட்டு எழுதி, ‘ரெண்டு வட்டி’க்கு. அவரும் யார்கிட்டேயும் சொல்லலை. சொன்னா அம்மா திட்டுவாங்களாம்! (பலத்த சிரிப்பு)

நடுவர் அவர்களே, ஒரே வீடு. ஒரு மூலையில பணம் தூங்குது. இன்னொரு மூலையில மனுஷன் தூங்க முடியலை.

‘ரெண்டு வட்டிதானே’ன்னு நெனச்சிடாதீங்க. வங்கியில 7 வட்டின்னா அது வருஷத்துக்கு. ஊர்ல ரெண்டு வட்டின்னா அது மாசத்துக்கு! நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபாய், வருஷத்துக்கு 24 ரூபாய். எங்கப்பா மாசம் 100 ரூபாய் கட்டினார். பத்து வருஷத்துல 12,000 ரூபாய். அசல் 5,000? அது அப்படியே கல்லு மாதிரி நிக்குது!

2000-ல் ரெண்டு மாச வட்டி தவறிப் போச்சு. கடன் கொடுத்தவர் எங்க வீட்டுத் திண்ணையில வந்து உட்கார்ந்துட்டார். அம்மா ஒண்ணும் பேசலை. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாங்க. “ஏண்டி, இவ்வளவு பணம் வச்சிருந்தியா?”ன்னார் அப்பா. “நீங்க மட்டும் கடன் வாங்கினதைச் சொன்னீங்களா?”ன்னாங்க அம்மா.

அசலும் பாக்கி வட்டியும் போக மீதி 5,000-க்கும் கொஞ்சம் குறைவு. அந்தப் பத்து வருஷத்துல நம்ம நாட்டு விலைவாசி ரெண்டு மடங்குக்கு மேல ஏறிடுச்சு. பெட்டியில இருந்த நோட்டு ஒண்ணும் குறையலை ஐயா, நோட்டோட பலம் பாதி போயிடுச்சு. பூட்டை உடைக்காமத் திருடுற திருடன் பேரு பணவீக்கம்! (கைதட்டல்)

தங்கச்சிக்கு இடம் கிடைச்சுது. கட்டணத்துக்குப் பணம் பத்தலை. படிப்பு நின்னுது.

1990-லேயே ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருந்தா? 5,000-ல் கடனை அடைச்சிருக்கலாம். மீதி 5,000-ஐப் பொது வருங்கால வைப்பு நிதியில போட்டிருந்தா, அப்போ அதுக்கு 12 சதவீத வட்டி. வட்டிக்கு வட்டி சேர்ந்து பத்து வருஷத்துல 15,000-க்கு மேல கணக்குல இருந்திருக்கும். அப்பா சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏற வேண்டாம்! எதிரணித் தலைவர் இதைக் குறிச்சுக்கணும். (கைதட்டல்)

தாய்மார்களுக்கு ஒரு கைக்கணக்கு. 72-ஐ வருஷ வட்டியால வகுங்க. பணம் இரட்டிப்பாக எத்தனை வருஷம்னு ஏறக்குறையத் தெரியும். 8 சதவீதம்னா 9 வருஷம். கட்டாத கடனுக்கும் இதே கணக்குதான்: ரெண்டு வட்டின்னா மூணே வருஷம்! விலைவாசி 6 சதவீதம் ஏறினா, பெட்டிப் பணத்தின் மதிப்பு 12 வருஷத்துல பாதி.

அதனால வரிசை இதுதான். முதல்ல பெரிய வட்டிக் கடனை அடைங்க. அடுத்து, ஆபத்துக்கு ஆறு மாசச் செலவை வங்கியில வைங்க. ஒரு வங்கியில ஒருத்தருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை 2020 முதல் காப்பீடு இருக்கு. அதுக்கு மேல மிச்சம் இருந்தா, நீண்ட கால முதலீடு.

‘மாசம் பத்து சதவீதம் தர்றேன்’னு எவனாவது வந்தா? நீங்க அவன் வட்டியைப் பார்க்கிறீங்க, அவன் உங்க அசலைப் பார்க்கிறான்! 1990-களில் தமிழ்நாட்டில் எத்தனை நிதி நிறுவனங்கள் கதவைச் சாத்தின! முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று 1997-ல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது.

நடுவர் அவர்களே, எங்க வீட்டில் வருமானம் இருந்தது. சேமிப்பும் இருந்தது. இல்லாமப் போனது, புருஷனும் பெண்டாட்டியும் ஒண்ணா உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு. மாசத்துல ஒரு ராத்திரி, சாப்பிட்ட பிறகு, ஒரு நோட்டும் பேனாவும் எடுங்க. கடனையும் எழுதுங்க, ஒளிச்சு வச்சதையும் எழுதுங்க. அன்னைக்கு ஒரு சண்டை வரும். (சிரிப்பு) வரட்டும்! உங்க வீட்டுப் பொண்ணு படிப்பு நிக்காது.

கணக்கறிந்த சேமிப்பே குடும்பத்தை நிமிர்த்தும் என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டுகிறேன். (கைதட்டல்)