குறையறி சோதனை



ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் இருவகைச் சோதனைகளைப் பற்றிப் பயின்றோம். ஒன்று, மாணவரைத் தேறியவர், தவறியவர் என்று பிரிப்பது. மற்றொன்று, கற்றலில் தடை எங்கே நேர்ந்தது என்று காண்பது. இதற்குக் குறையறி சோதனை என்று பெயர். மகப்பேறு வாய்க்காத தம்பதியருக்கு மருத்துவர் செய்யும் சோதனைகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றை முதல் வகையாக எண்ணிவிடுவதால் விளையும் துன்பம் பெரிது.

கரு உண்டாகச் சூலகத்திலிருந்து சினைமுட்டை வெளிவர வேண்டும். ஆணிடம் போதிய விந்தணுக்கள் இருக்க வேண்டும். இரண்டும் கூடுதற்குரிய கருக்குழாய் திறந்திருக்க வேண்டும். கருப்பை கருவை ஏற்க வேண்டும். ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லையெனில் மருத்துவர் இந்நான்கையும் ஆராய்கிறார். மனைவிக்கு 35 வயது ஆகிவிட்டால் ஆறு மாதத்திலேயே தொடங்குவது நன்று.

முட்டை வெளிவந்ததா என்பதை இரத்தத்திலுள்ள புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனின் அளவு உணர்த்தும். 28 நாள் மாதச் சுழற்சியாயின் 21ஆம் நாளையொட்டி இரத்தம் எடுப்பது வழக்கம். கருக்குழாயின் நிலையை அறிய, 1919இல் நியூயார்க்கில் ரூபின் என்ற மருத்துவர் கருப்பையினுள் வாயுவைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். வழியிருந்தால் அழுத்தம் தாழும், அடைப்பிருந்தால் ஏறும். இன்றோ வாயுவுக்குப் பதிலாக எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தைச் செலுத்திப் படம் எடுக்கின்றனர். கருப்பையின் அமைப்பை ஸ்கேன் காட்டுகிறது.

ஆணுக்குரிய முதற்சோதனை இவை யாவற்றினும் எளிது. விந்தின் மாதிரியை நுண்ணோக்கியில் வைத்து, அணுக்களின் எண்ணிக்கையையும் அசைவையும் கணிக்கின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த கீழெல்லை, ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம். இதனைத் தேர்ச்சி மதிப்பெண் என்று கொள்ளற்க. ஓராண்டுக்குள் மனைவியர் கருவுற்ற ஆடவரை ஆராய்ந்து வகுத்த எல்லை இது. அவர்களிலேயே நூற்றுக்கு ஐவர் இதற்கும் கீழே இருந்தனர்!

வலியற்ற இச்சோதனையை ஒதுக்கிவிட்டு, மனைவியை மட்டும் ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைகளுக்கு அலையவைக்கும் குடும்பங்களைக் கண்டு நான் வருந்தியதுண்டு. ‘மலடி’ என்னும் சொல் நம் வீடுகளில் வழங்கும் அளவுக்கு ‘மலடன்’ என்னும் சொல் வழங்கக் காணோம். சோதிக்குமுன்னரே நாம் தீர்ப்பை எழுதிவிடுகிறோம். தடை கணவனிடம் இருக்கலாம், மனைவியிடம் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். எக்குறையும் புலப்படாமலே மகப்பேறு தாமதிப்பதும் உண்டு.

நீங்கள் நாளை இல்லறம் ஏற்கவிருப்பவர்கள். உங்கள் வீட்டிலோ சுற்றத்திலோ இந்நிலை நேர்ந்தால், கணவனும் மனைவியும் ஒன்றாகவே மருத்துவரிடம் செல்லும்படி எடுத்துரையுங்கள். அதுவே கல்விக்கு அழகு.