தலையைத் தூக்கினால் வலிக்கிறதா?

2022 ஜூலை 6, விம்பிள்டன் காலிறுதி. வயிற்று வலியோடு ஆடுகிறார் டென்னிஸ் வீரர் ரஃபேல் நடால். அரங்கிலிருந்து அப்பாவும் தங்கையும் 'போதும், விட்டுவிடு' என்று சைகை காட்டுகிறார்கள். அவர் கேட்கவில்லை; ஐந்து செட் ஆடி டெய்லர் ஃபிரிட்ஸை வென்றார். மறுநாள் அரையிறுதியிலிருந்து விலகினார். வயிற்றுத் தசையில் 7 மில்லிமீட்டர் கிழிசல் என்று செய்தி வந்தது. சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை! மறுபடி களமிறங்க ஏறக்குறைய 6 வாரம் ஆயிற்று.

பள்ளி மைதானங்களிலும் இப்படித் தசை கிழிகிறது. கிரிக்கெட்டில் வேகமாக ஓடிவந்து பந்து வீசிய பையன் 'சுருக்'கென்று விலாவைப் பிடித்துக்கொள்கிறான். வலக்கையால் வீசுபவனுக்கு வலி பெரும்பாலும் இடப்பக்கம். உடம்பு முறுக்கி அவிழும்போது, கீழ் விலா எலும்புகளைப் பற்றியிருக்கும் தசை இழுபட்டுக் கிழிகிறது.

ஆனால் வலி தசையிலா, உள்ளே குடலிலா? இதற்கு ஓர் அருமையான பழைய வித்தை உண்டு. 1926இல் கார்னெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் எழுதிவைத்தது. பையனை மல்லாந்து படுக்கவைத்து, வலிக்கும் இடத்தை மருத்துவர் விரலால் அழுத்துகிறார். 'தலையையும் தோளையும் தூக்கு தம்பி' என்கிறார். வயிறு பலகையாக இறுகுகிறது. வலி கூடினால் கோளாறு பெரும்பாலும் தசையில். குறைந்தால், இறுகிய தசை உள்ளுறுப்பைக் காத்து நிற்கிறது, கோளாறு உள்ளே இருக்கலாம். ஸ்கேன் எல்லாம் அதற்குப் பிறகுதான்!

இந்தச் சோதனையை வீட்டில் செய்து பார்த்துவிட்டு டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். தொப்புளருகே தொடங்கி வலப்பக்கக் கீழ்வயிற்றுக்கு இறங்கும் வலி, காய்ச்சல், வாந்தி என்றால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம். விதைப்பையில் திடீர் வலி என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கதி. இடுப்பெலும்பின் விளிம்பு அந்த வயதில் முழுதாக ஒட்டியிருக்காது. தசை கிழிவதற்குப் பதில் அந்த விளிம்பே பெயர்ந்துவிடலாம். அதனால்தான் எக்ஸ்ரே கேட்கிறார்கள்.

சிகிச்சையில் கத்திக்குப் பெரும்பாலும் வேலையில்லை. முதல் சில நாள் ஐஸ் ஒத்தடமும் ஓய்வும். 'சுளுக்கெடுக்கிறேன்' என்று எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். பிறகு அசையாமல் வயிற்றை இறுக்கும் பயிற்சி, பிளாங்க், அடுத்து உடம்பை முறுக்கும் பயிற்சி, கடைசியில் பந்து.

பயிற்சியாளர்களே, இருமும்போது வலிக்கவில்லை என்பதற்காகப் பையனை உடனே ஆட்டத்தில் இறக்கிவிடாதீர்கள். வலைப்பயிற்சியில் முழு வேகத்தில் வலியில்லாமல் வீசிக் காட்டட்டும். அதன்பின் அணியில் பெயர் எழுதுங்கள்.